மூன்று மில்லிமீட்டர்

பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவே
நாற்பத்தேழு காற்றாலைகளுக்கு நான் பொறுப்பு.
எதன் காலடியில் எத்தனை லாரி கான்கிரீட் இறங்கியது
கேளுங்கள், சொல்வேன்.
என் மேல்தாடைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை
நாற்பத்தொன்றாம் வயதில்தான் தெரிந்துகொண்டேன்:
காற்று.

வள்ளியூரில் டாக்டர் செய்யதலி பாத்திமா
திரையில் என் மண்டையைத் திருப்பிக் காட்டினார்.
"இந்தக் கறுப்பு அறைதான் சைனஸ்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப்போட்டுப்
பதினோரு வருசம் சும்மா இருந்துட்டீங்க.
ஆளில்லாத இடம்னு அது கீழே இறங்கிருச்சு."
புரிந்தது.
எங்கள் மானாவாரிக் காட்டில்
வேலி இப்படித்தான் ராத்திரி ராத்திரியாக நடக்கும்.

மிச்ச எலும்பு மூன்று மில்லிமீட்டர்.
திருகு ஊன்றப் பத்தாவது வேண்டும்.
மூன்றிலேயே ஊன்றினால்?
"உள்ளே விழுந்துரும். அப்புறம் அதைத் தேடி
வேற டாக்டர் மூக்கு வழியா வரணும்."

நான்கு பக்கப் படிவம்.
தினமும் காலை ஏழரைக்கு
ஏறுகிற பையன்களிடம் கையெழுத்து வாங்குகிறவன் நான்.
கயிறு சரி, கொக்கி சரி, தலைசுற்றல் இல்லை.
அவர்கள் படிப்பதில்லை,
நானும் படிக்கச் சொன்னதில்லை.
அன்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.
ரத்தக்குழாய் அறுபடலாம்.
சீழ் பிடிக்கலாம். கன்னம் மரத்தே கிடக்கலாம்.
வைத்த எலும்பு ஒட்டாமல் போகலாம்.
சவ்வு கிழியலாம்.
இதற்குக் கீழே மட்டும் அவரே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"அவிச்ச முட்டை ஓடு உரிக்கையில
உள்ளே ஒரு தோல் வருமில்ல, அந்த மாதிரி.
அதைக் கிழியாமத் தூக்கி
அடியில எலும்புத்தூள் நிரப்பணும்.
பத்துப் பேர்ல ரெண்டு பேருக்குக் கிழியுது, என் கையில."
என் கையில என்றார் பாருங்கள்,
அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தூள் மாட்டெலும்பு. சம்மதமா என்று தனியே ஒரு கட்டம்.
சம்மதம்.

ஜன்னல் வெட்டுகிற மாதிரி என்றார். வெட்டினார்.
வலி இல்லை, சத்தம் மட்டும்;
கியர்பாக்ஸில் மணல் விழுந்தால் கேட்குமே, அது.
பிறகு நின்றது.
நிற்கிற சத்தத்துக்குத்தான் நான் பயப்படுவேன்,
தொழில் அப்படி.
"மெதுவா மூக்கால மூச்சு விடுங்க."
விட்டேன்.
ரத்தத்தில் ஒரு குமிழி எழுந்ததை
அவர் மூக்குக்கண்ணாடியில் பார்த்தேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நர்ஸ் முத்துசெண்பகம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.
"சின்னதுதான். ஒட்டுப் போட்டுத் தொடரலாம்.
பெருசுன்னா மூடி அனுப்பிருப்பேன்."

மூக்குச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது.
ஸ்ட்ரா கூடாது. ஏணி கூடவே கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும்.

ஆடி மாதம்.
கணவாய் வழியே மேல்காற்று
புழுதியை வாரிக்கொண்டு வரும் ஊர்.
வாயைப் பிளந்து தும்முகிறேன்.
எண்பது மீட்டர் உயரத்திலிருந்து வாக்கிடாக்கியில்
"சார், கீழ ஏதோ காளை கத்துது" என்கிறான் செல்வின்.
தப்பில்லை.
இப்போது கொஞ்சம் காளைதான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி
கைக்குட்டையில் ஒரு வெள்ளை மணி.
எலும்போ, சாப்பிட்ட ரவையோ.
ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்து
நானும் ஆரோக்கிய மேரியும் அரைமணி நேரம் பார்த்தோம்.
நகத்தால் நசுக்கினாள்.
நசுங்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன்.
"ஒண்ணுதானா? நாத்தம்?"
இல்லை.
"காய்ச்சல்?"
இல்லை.
"குனிஞ்சா கன்னம் கனக்குதா?"
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்.
அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சு மட்டும்.
"காலையில முதல் ஆளா வாங்க.
தலையை உயரமா வச்சுப் படுங்க."

மூன்று தலையணை.
வெளியே நாற்பத்தேழும் சுற்றுகின்றன.
எதன் சத்தம் மாறினாலும் படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவேன்.
இப்போது கன்னத்தில் கைவைத்து
இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
சத்தமே இல்லை.